ஸ்டாப்பர் ஆட்டத்தைத் தொழிலாக்குவது எப்படி? மண் மைதானம் முதல் ஒப்பந்தம் வரை முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஒரு கால்பந்து அணியின் டிரையல்ஸுக்கு (ஆள் தேர்வுக்கு) எங்கள் மைதானத்துப் பையன்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். நால்வரும் டிஃபெண்டர்கள், அதாவது கோலைக் காக்கும் பின்வரிசை ஆட்டக்காரர்கள். அந்த வரிசையில் நடுவில் நிற்பவரைத்தான் ஸ்டாப்பர் என்கிறோம். அவர்களில் ஆட்டம் நன்றாகத் தெரிந்தவன் மைதானத்துக்குள்ளேயே போகவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர் என்று பதிவு மேசையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாமவன் முதல் பத்து நிமிடத்தில் மூன்று முறை சறுக்கி விழுந்து டேக்கிள் போட்டான், அதாவது காலை நீட்டிப் பந்தைப் பறிக்கப் பார்த்தான். மூன்று முறையும் எதிராளி அவனைத் தாண்டிப் போய்விட்டான். மூன்றாமவன் கடைசி வரை வாயே திறக்கவில்லை. நான்காமவன் மற்ற மூவரையும்விடக் கொஞ்சம் மெதுவானவன். ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நின்றான், பக்கத்தில் இருந்தவர்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தான். அவனைத்தான் எடுத்தார்கள்.

நால்வருக்கும் உழைப்பில் குறை இல்லை. எதை எப்போது கற்பது, எதை எப்போது தயார் செய்வது என்ற வரிசைதான் மூவருக்குத் தவறியிருந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். 12 முதல் 20 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் இது.

## 1. பூட்ஸ் வாங்கும் முன் காகிதங்களைச் சரிசெய்யுங்கள்

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ், இருந்தால் பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஓர் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் ஊரில் இது தவறுவதற்கு முக்கியக் காரணம் இனிஷியல். ஓரிடத்தில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னோரிடத்தில் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக வந்து உட்கார்ந்திருக்கும். நமக்கு அது ஒரே ஆள். கணினிக்கு மூன்று ஆள். இந்தியக் கால்பந்து சம்மேளனம் எல்லா ஆட்டக்காரர்களையும் ஒரே மையப் பதிவு முறையில்தான் வைத்திருக்கிறது. அதில் முதல் முறை ஏறும் பெயர்தான் கடைசி வரை உங்களோடு வரும். ஆகவே திருத்தங்களை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வயதைக் குறைத்துக் காட்டும் வேலையே வேண்டாம். வயதுப் பிரிவுப் போட்டிகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கும் முறை இருக்கிறது. பிடிபட்டால் போவது ஒரு போட்டி மட்டும் இல்லை, பெயரும் போகும். பிடிபடாவிட்டாலும் நஷ்டம்தான்: தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளை உடம்பால் தள்ளி ஜெயித்துப் பழகிய டிஃபெண்டர், சம வயதுக்காரர்கள் எதிரே வரும்போது எங்கே நிற்பதென்று தெரியாமல் திணறுவான்.

கூடவே ஒரு மருத்துவரிடம் போய் ஈசிஜி எடுத்து, இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்திருந்தால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

பூட்ஸ் அதற்குப் பிறகு. நம் ஊர்க் கெட்டி மண்ணுக்குக் குட்டையான, நிறைய ரப்பர் ஸ்டட்ஸ் (அடிப்பக்கக் குமிழ்கள்) உள்ள ஜோடி போதும். நீள ஸ்டட்ஸ் கெட்டித் தரையில் இறங்காது. பாரமெல்லாம் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் போகும். ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் மாட்டும் காப்பு) விதிப்படியே கட்டாயம். பயிற்சியிலும் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பழகியவன் கால் வைக்கப் பயந்து பயந்தே ஆடுவான்.

## 2. 13, 14 வயது வரை எல்லா இடத்திலும் ஆடுங்கள்

உயரமாக இருக்கிறான் என்பதற்காகப் பத்து வயதுப் பையனை ஸ்டாப்பராக நிறுத்திவிடுவது நம் பள்ளி அணிகளில் அன்றாடம் நடக்கிறது. அவன் நான்கு வருடம் வந்த பந்தை ஓங்கி அடித்து வெளியே அனுப்புவதை மட்டுமே கற்றுக்கொள்கிறான். காலில் பந்து ஒட்டாது. பதினைந்து வயதில் மற்றவர்கள் அவன் உயரத்துக்கு வந்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

ஃபார்வர்டாக (கோல் அடிக்கும் முன்வரிசையில்) ஆடியவனுக்கு ஃபார்வர்டு எங்கே திரும்புவான் என்று தெரியும். மிட்ஃபீல்டில் (நடுவரிசையில்) ஆடியவனுக்கு முதுகுக்குப் பின்னால் பார்க்கும் பழக்கம் வந்திருக்கும். பார்சிலோனாவின் கேப்டனாக இருந்த கார்லஸ் புயோல் சிறு வயதில் கோல் கீப்பராக நின்றவர், பிறகு முன்வரிசையிலும் ஆடியவர். டிஃபெண்டர் என்ற பெயர் அவருக்குப் பின்னால் வந்ததுதான்.

பயிற்சியாளர் உங்களை ஒரே இடத்தில்தான் நிறுத்துவேன் என்றால், தெரு ஆட்டத்திலாவது இடம் மாறி ஆடுங்கள்.

## 3. எந்த வகை டிஃபெண்டர் என்பதை உடம்பைப் பார்த்து முடிவெடுங்கள்

நடுவில் நிற்கும் ஸ்டாப்பரா, ஓரத்தில் ஓடும் சைடு பேக்கா? 15 வயதுக்கு மேல் இதை முடிவு செய்யலாம்.

உயரம் உதவும், அதுவே எல்லாம் ஆகிவிடாது. 2006 உலகக் கோப்பையை ஏந்திய இத்தாலி கேப்டன் ஃபேபியோ கன்னவாரோ, நடுவில் நின்ற டிஃபெண்டர். உயரம் சுமார் 175 சென்டிமீட்டர். சிறந்த ஆட்டக்காரருக்கான அந்த வருடத்தின் பாலன் டி'ஓர் விருது அவருக்குத்தான். உயரக்குறைவை, குதிக்கும் நேரத்தாலும் முதல் இரண்டு அடி வேகத்தாலும் ஈடுசெய்தார். ஜெர்மனியின் ஃபிலிப் லாம் அவரைவிடவும் குட்டை. சைடு பேக்காக உலகக் கோப்பை வரை போனார்.

இடது கால்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களை வலது காலுக்கு மாறச் சொன்னால் கேட்காதீர்கள். இடது பக்கம் நிற்பவன் இடது காலால் கொடுத்தால் பந்து ஓரக்கோட்டை ஒட்டி நேராகப் போகும். வலது காலால் கொடுக்க உடம்பை உள்ளே திருப்ப வேண்டும், அங்கே எதிராளி காத்திருப்பான். அணிகள் இடது கால் டிஃபெண்டரைத் தேடிக்கொண்டே இருப்பது இதனால்தான். நாமக்கல்லைச் சேர்ந்த என். மோகன்ராஜ் இடது பேக்காகக் கொல்கத்தாவின் பெரிய அணிகள் வரை போய் ஆடியவர்.

## 4. தற்காக்கும் கலையை இந்த வரிசையில் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். புதிதாக வரும் பிள்ளைகள் இதைத் தலைகீழாகக் கற்கிறார்கள். முதலில் சறுக்கி டேக்கிள் போடக் கற்கிறார்கள், கடைசியில்தான் நிற்கக் கற்கிறார்கள்.

நிற்பது. எதிராளி பந்தோடு வரும்போது நெஞ்சைக் காட்டி நேராக நிற்காதீர்கள். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், உடம்பு பக்கவாட்டில், முட்டி மடங்கி, பாரம் பாதத்தின் முன்பகுதியில். நேராக நின்றால் கால் இடுக்கில் பந்து போகும்; திரும்பி ஓடவும் ஒரு நொடி அதிகமாகும். பக்கவாட்டில் நின்றால் அவன் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். பெரும்பாலும் கோட்டின் பக்கம், அல்லது அவனுடைய பலவீனமான காலின் பக்கம்.

நெருங்குவது. பந்து காற்றில் போய்க்கொண்டிருக்கும்போது முழு வேகத்தில் ஓடுங்கள். அது அவன் காலைத் தொடும் நேரத்தில் அடியைச் சிறிதாக்குங்கள். ஒன்றரைக் கை தூரத்தில் நின்றுவிடுங்கள். இதில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். வேகத்தைக் குறைக்காமல் நேரே போய் மோதுவார்கள். எதிராளி ஒரு தட்டு தட்டினால் போதும், ஆட்டத்தை விட்டே வெளியே போய்விடுவார்கள்.

தாமதப்படுத்துவது. பந்தைப் பிடுங்குவது உங்கள் முதல் வேலை இல்லை. மற்றவர்கள் திரும்பி வரும் வரை அவனை நிறுத்தி வைப்பதுதான் முதல் வேலை. மூன்று நொடி நிறுத்தினால் உங்கள் பக்கம் இரண்டு பேர் வந்துவிடுவார்கள்.

கால் வைப்பது. அவன் காலிலிருந்து பந்து கொஞ்சம் விலகும் அந்தத் தருணத்தில் மட்டும். பந்தைப் பாருங்கள், இடுப்பைப் பாருங்கள். அவன் கால் போடும் வித்தையைப் பார்க்காதீர்கள்.

எங்கள் மைதானத்தில் ஒரு பையனுக்கு இதைக் கற்றுக்கொடுக்க நான் அவன் இரண்டு கையிலும் ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் கொடுத்துப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். ஜெர்சியைப் பிடித்து இழுக்க முடியாது. முதல் நாள் பத்துக்கு ஒன்பது முறை ஏமாந்தான். "அண்ணா, கை இல்லாம எப்படிணா நிறுத்துறது?" என்றான். இரண்டாவது வாரம் அவன் கால்கள் சின்னச் சின்னதாகப் பின்னால் போக ஆரம்பித்தன, மண்ணில் கோலப்புள்ளி வைத்த மாதிரி தடம். நான்காவது வாரம், அவனைத் தாண்ட முடியாமல் எதிரே இருந்தவன் பந்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பின்னால் பாஸ் கொடுத்தான். எங்கள் பையன் பந்தைத் தொடவே இல்லை. அன்று அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சறுக்கி டேக்கிள். கடைசிப் பாடம். தரையில் விழுந்த டிஃபெண்டர் ஆட்டத்தில் இல்லை என்றுதான் அர்த்தம். கோல் போவதைத் தடுக்கவோ, ஓரக்கோட்டில் பந்தை வெளியே தள்ளவோ வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுங்கள்.

தோளுக்கு மேல் பார்ப்பது. பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது சில நொடிக்கு ஒருமுறை தலையைத் திருப்பி உங்கள் ஆள் எங்கே என்று பாருங்கள். பந்தையும் ஆளையும் ஒரே பார்வையில் பிடிக்கும்படி உடம்பைத் திறந்து வையுங்கள். கிராஸில் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் போடும் பந்தில்) விழும் கோல்களைக் கவனித்துப் பாருங்கள்: டிஃபெண்டர் பந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார், ஆள் முதுகுக்குப் பின்னால் நழுவியிருப்பான்.

லைன் ஏற்றுவதும் இறங்குவதும். லைன் என்பது டிஃபெண்டர்கள் நால்வரும் நிற்கும் வரிசை. இதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: பந்து வைத்திருப்பவன் தலை நிமிர்ந்திருக்கிறதா, அவன் முன்னால் இடம் இருக்கிறதா? இருந்தால் இறங்குங்கள், நீளப் பந்து வரப்போகிறது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாலோ, பின்னால் பாஸ் கொடுத்தாலோ ஏறுங்கள். நால்வரும் ஒன்றாக. ஒருவன் தூங்கினால் ஆஃப்சைடு (நம் லைனைத் தாண்டி முன்கூட்டியே நிற்கும் எதிராளிக்குப் பந்து கொடுத்தால் தவறு என்ற விதி) இல்லை.

விதியையும் முழுதாகப் படியுங்கள். த்ரோ-இன் (ஓரத்திலிருந்து கையால் எறிவது), கோல் கிக் (கோல் முன்னாலிருந்து உதைத்துத் தொடங்குவது), கார்னர் (மூலையிலிருந்து உதைப்பது) மூன்றிலும் நேராக வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது. த்ரோ-இன் நேரத்தில் லைனை ஏற்றிவிட்டுக் கையைத் தூக்கி நிற்கும் பிள்ளைகளை நான் வருடத்துக்குப் பத்துப் பேராவது பார்க்கிறேன். இன்னொன்று: ஆஃப்சைடில் நிற்பவனுக்கு வரும் பந்தை நீங்கள் நிதானமாக ஆடி, அது தவறி அவனிடமே போனால் ஆஃப்சைடு ரத்தாகிவிடும். ஆகவே அரைகுறையாகத் தலையை வைக்காதீர்கள்.

கோல் முன்னால் இருக்கும் பெனால்டி பெட்டிக்குள் 2016-ல் வந்த மாற்றமும் தெரிந்திருக்க வேண்டும். கோல் வாய்ப்பைத் தடுக்கும்போது பந்துக்காக உண்மையாகவே முயன்று தவறினால் பெனால்டியும் மஞ்சள் அட்டையும். பிடித்து இழுத்தாலோ தள்ளினாலோ பெனால்டியோடு சிவப்பு. கை நீளும் பழக்கத்தை இப்போதே விடச் சொல்வது இதற்காகத்தான்.

ஹெட்டிங், அதாவது தலையால் பந்தை அடிப்பது. நெற்றியின் மேல்பகுதியால், கண் திறந்தபடி, கழுத்தை இறுக்கி. டிஃபெண்டரின் ஹெட்டர் மூன்று காரியம் செய்ய வேண்டும்: உயரமாகப் போக வேண்டும், தூரமாகப் போக வேண்டும், ஓரத்துக்குப் போக வேண்டும். உயரமாகப் போனால் மற்றவர்கள் திரும்ப நேரம் கிடைக்கும். ஓரத்துக்குப் போனால் அங்கிருந்து யாரும் நேராகக் கோல் அடிக்க முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு லேசான பந்தில் கொஞ்சமே போதும். தலையில் அடிபட்டுத் தலைசுற்றலோ குமட்டலோ இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மருத்துவரிடம் போங்கள்.

குரல். "ஏறு", "நில்லு", "பின்னாடி ஆள்", "திரும்பு", "என் பால்". இந்த ஐந்தைச் சரியான நேரத்தில் சொல்லத் தெரிந்தால் போதும். பின்னால் நிற்பவனுக்கு மட்டும்தான் முழு மைதானமும் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. பார்த்ததைச் சொல்லாத டிஃபெண்டர் பாதி டிஃபெண்டர். சங்கோஜப்படும் பிள்ளைகள் பயிற்சியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகட்டும், தானாக வந்துவிடும்.

## 5. பந்தைக் கொடுக்கத் தெரியாமல் இனி வேலை கிடைக்காது

2019-ல் கோல் கிக் விதி மாறியது. பந்து பெனால்டி பெட்டியைவிட்டு வெளியே வர வேண்டும் என்ற கட்டாயம் போனது. பெட்டிக்குள்ளேயே டிஃபெண்டர் வாங்கலாம். அதிலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவது உங்கள் காலில் வந்து நிற்கிறது.

தினமும் 20 நிமிடம் ஒரு சுவர் போதும். பந்து வரும்போது உடம்பைத் திறந்து, தூரத்துக் காலால் வாங்கி, அதே காலால் கொடுங்கள். பக்கத்துக் காலால் வாங்கினால் வந்த திசையிலேயே பூட்டிக்கொள்வீர்கள். தூரத்துக் காலால் வாங்கினால் இரண்டாவது தொடுதலிலேயே எதிர்ப்பக்கம் திருப்பலாம்.

பலவீனமான காலுக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். எதிரணிப் பயிற்சியாளர் முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பது அதைத்தான். பிறகு ஆட்டம் முழுக்க அந்தக் காலின் பக்கமே உங்களைத் தள்ளுவார்கள்.

## 6. உடம்பு

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் மருத்துவக் குழு வடிவமைத்த 'லெவன் பிளஸ்' என்ற வார்ம்-அப் இருக்கிறது. சுமார் 20 நிமிடம், 15 பயிற்சிகள், எந்தக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் குறைகின்றன என்பது ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். அதில் மண்டியிட்டு முன்னால் சாயும் ஒரு பயிற்சி, தொடையின் பின்தசைக்கானது. பிள்ளைகள் வலிக்கிறது என்று அதை மட்டும் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். திடீர் ஓட்டத்தில் டிஃபெண்டரைப் படுக்கவைப்பது அந்தத் தசைதான்.

நீண்ட தூரம் ஓடிக்கொண்டே இருப்பது டிஃபெண்டருக்கு அரைப் பயிற்சிதான். 5 மீட்டர், 10 மீட்டர் பாய்ச்சல், பின்னால் ஓடித் திரும்புவது, உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்து ஓடுவது இவற்றைச் செய்யுங்கள். ஆட்டத்தில் வருவது அதுதான்.

சாப்பாட்டுக்கு டப்பாவில் விற்கும் புரதப் பொடி தேவையில்லை. முட்டை, வேர்க்கடலை, சுண்டல், கேழ்வரகு, மீன், வாழைப்பழம் போதும். டப்பாப் பொடியில் தடைசெய்யப்பட்ட மருந்து கலந்திருந்தால், ஊக்கமருந்துப் பரிசோதனையில் மாட்டுவது நீங்கள்தான், விற்றவர் இல்லை. ஜலதோஷ மாத்திரை, இருமல் மருந்தைக்கூட விளையாடுகிறவர் என்று சொல்லிவிட்டு மருத்துவரிடமே வாங்குங்கள்.

## 7. செவன்ஸிலிருந்து பதினொருவர் ஆட்டத்துக்கு மாறுங்கள்

அணிக்கு ஏழு பேர் ஆடும் வாரக்கடைசிச் செவன்ஸ் போட்டிகளில் காசு கிடைக்கும், பெயர் கிடைக்கும். கால் பழகவும் அது நல்ல இடம். ஆனால் பெரும்பாலும் அங்கே ஆஃப்சைடு கிடையாது, மைதானமும் சின்னது. செவன்ஸ் மட்டுமே ஆடிய ஸ்டாப்பரை 105 மீட்டர் மைதானத்தில் நிறுத்தினால், முதுகுக்குப் பின்னால் 40 மீட்டர் காலியாக இருப்பதைப் பார்த்துப் பயந்து கீப்பரோடு போய் ஒட்டிக்கொள்வார். 15 வயதுக்கு மேல் வாரத்தில் ஒரு முழு ஆட்டமாவது ஆட வழி தேடுங்கள்.

பள்ளி வயதில் இரண்டு வாசல். பள்ளி அணி வழியாகச் சுப்ரதோ கோப்பை என்ற பள்ளிகளுக்கான தேசியப் போட்டி. இன்னொன்று தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள். 7, 8, 9, 11-ஆம் வகுப்புச் சேர்க்கைக்குக் கோடையில் தேர்வு நடக்கும். தங்குமிடம், உணவு, பயிற்சி, படிப்பு எல்லாம் ஒரே இடத்தில். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. அறிவிப்பு வந்து விண்ணப்பத் தேதி முடிய அதிக நாள் இருக்காது என்பதால் மார்ச்சிலிருந்தே ஆணையத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

அதற்குப் பிறகு மாவட்ட லீக். சென்னையில் இருப்பவர்களுக்குச் சென்னைக் கால்பந்துச் சங்கத்தின் டிவிஷன் லீக். கீழ் டிவிஷன்தானே என்று நினைக்காதீர்கள். அங்கே முப்பது வயது அனுபவசாலி ஃபார்வர்டு முழங்கையை எங்கே வைப்பார், எப்படிப் பின்னால் சாய்வார் என்பதைக் கற்றுக்கொள்ளலாம். வயதுப் பிரிவுப் போட்டியில் அது கிடைக்காது. பெரிய கிளப்புகளின் இளையோர் அணிகளுக்கு ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக் இருக்கிறது. மாநில அணிக்குச் சந்தோஷ் டிராஃபி. பெண்களுக்கு இந்திய மகளிர் லீக். மதுரையின் சேது எஃப்சி 2019-ல் அதை வென்றது.

பொதுவாக நடக்கும் ஒரு தவறு: ஒரே சீசனில் நண்பர் கூப்பிட்டார் என்று வேறு பெயரில் இன்னோர் அணிக்கும் ஆடுவது. நீங்கள் ஓர் அணிக்குப் பதிவானவர். மாற வேண்டுமென்றால் பழைய அணியின் சம்மதத்தோடு முறைப்படி மாறுங்கள். பிடிபட்டால் தடை உங்களுக்கு, புள்ளி இழப்பு அணிக்கு. அதன் பிறகு அடுத்த வருடம் உங்களை நம்பி யார் எடுப்பார்கள்?

## 8. டிரையல்ஸ் அன்று

உங்களுக்குக் கிடைப்பது 20 நிமிடமாக இருக்கலாம். பார்ப்பவர்கள் யாரையும் அறியாதவர்கள். ஆகவே:

எந்த இடத்தில் ஆடுவீர்கள் என்று கேட்டால் ஒன்றைச் சொல்லுங்கள். "எங்க வேணா ஆடுவேன் சார்" என்றால் காலியான இடத்தில் நிறுத்துவார்கள். அதற்குப் பதிலாக "லெஃப்ட் ஸ்டாப்பர், தேவைப்பட்டா லெஃப்ட் பேக்" என்று சொல்லுங்கள்.

ஆட்டம் தொடங்கும் முன் பக்கத்தில் நிற்கும் டிஃபெண்டர், கீப்பர் இருவரின் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிக் குரல் கொடுக்கும் ஆள் உடனே தனியாகத் தெரிவார்.

முதல் மூன்று பாஸை எளிதாகக் கொடுங்கள். நடுக்கம் அடங்க அது உதவும். முதல் பந்திலேயே நாற்பது மீட்டர் நீளப் பாஸ் முயன்று வெளியே போனால், அடுத்த ஐந்து நிமிடம் கால் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும்.

தவறு செய்துவிட்டால் உடனே திரும்பி ஓடுங்கள். இடுப்பில் கை வைத்து நிற்பவரை அந்த இடத்திலேயே பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். தவறே செய்யாத ஸ்டாப்பர் கிடையாது. தவறுக்கு அடுத்த ஐந்து நொடி என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

வீடியோ கேட்டால் இரண்டு முழு ஆட்டங்களைக் கொடுங்கள், பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டியதை வேண்டாம். டிஃபெண்டரின் நல்ல வேலை பந்து இல்லாதபோது நடப்பது. உயரமான இடத்திலிருந்து, முழு லைனும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். பந்தைத் துரத்தும் கேமராவில் நீங்கள் இருக்கவே மாட்டீர்கள்.

இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து ஒருவரிடம் பணம் கொடுத்தது. வெளிநாட்டு டிரையல்ஸ் என்றார். பையன் ஏறியது வேறு மாநிலத்துக்குப் போகும் ரயில், போய்ச் சேர்ந்தது ஒரு வாடகை மைதானம். ஃபிஃபா விதிப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் சர்வதேச மாற்றம், சில விதிவிலக்குகள் தவிர, அனுமதிக்கப்படுவதே இல்லை. பதினாறு வயதுப் பையனுக்கு ஐரோப்பியக் கிளப் என்று சொல்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். முகவர் என்றால் ஃபிஃபா உரிமம் இருக்க வேண்டும்.

## 9. ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் முன்

வீட்டில் ஒருநாள் வைத்துப் படியுங்கள். இப்போதே போடு என்று அவசரப்படுத்தினால், தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பார்க்க வேண்டியவை. எத்தனை வருடம்? 18 வயதுக்குக் கீழே மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் போட ஃபிஃபா விதி அனுமதிப்பதில்லை. சம்பளம் எந்தத் தேதியில்? ஆட்டத்தில் காயம்பட்டால் அறுவை சிகிச்சையும் அதற்குப் பிந்தைய பயிற்சியும் யார் செலவு, அந்த மாதங்களில் சம்பளம் உண்டா? டிஃபெண்டருக்கு இந்த வரி எல்லாவற்றையும்விட முக்கியம். முழங்கால் தசைநார் கிழிந்தால் மாதக்கணக்கில் ஆட முடியாது.

வாய்ப்பேச்சில் சொன்னது எதுவும் ஒப்பந்தத்தில் சேராது. தங்குமிடம் தருகிறோம் என்றால் அதை எழுதச் சொல்லுங்கள். கையெழுத்தான பிரதி ஒன்று அன்றைக்கே உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சம்பளம் வராவிட்டால் சண்டை போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும். ஃபிஃபா விதியில் இதற்கு வழி இருக்கிறது: இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானால், எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கம் இருக்கிறது, அவர்களிடம் உதவி கேளுங்கள்.

## 10. பெரிய பெயரைவிட ஆடும் நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு அணிகள் கூப்பிட்டால், எந்த அணியில் ஸ்டாப்பர் இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். ஃபார்வர்டைக் கடைசிப் பத்து நிமிடம் இறக்கிப் பார்ப்பார்கள். டிஃபெண்டரை அப்படி மாற்றுவது அரிது. பின்வரிசையைக் கலைக்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. மூன்றாவது ஸ்டாப்பராகப் பெரிய கிளப்பில் உட்கார்ந்தால் ஒரு வருடமே பெஞ்சில் போகும். முடிவெடுக்கும் வேகம் பெஞ்சில் வளராது.

நெதர்லாந்து ஸ்டாப்பர் விர்ஜில் வான் டைக்கின் பாதையைப் பாருங்கள். அந்நாட்டின் 'வில்லெம் II' என்ற கிளப்பின் இளையோர் அணியில் இருந்தபோது ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினார். 2010-ல் குரோனிங்கன், 2013-ல் ஸ்காட்லாந்தின் செல்டிக், 2015-ல் சவுதாம்டன். ஒவ்வொரு இடத்திலும் ஆடும் இடம் கிடைத்த பிறகே அடுத்த படி. நாட்டுக்காக முதல் ஆட்டம் 24 வயதில்தான். 2018 ஜனவரியில் லிவர்பூல் அவருக்காகக் கொடுத்தது 7.5 கோடி பவுண்டு.

நம் நாட்டிலும் அப்படித்தான். இந்திய அணிக்கு ஆடிய ஸ்டாப்பர் சந்தேஷ் ஜிங்கன் சண்டிகரிலிருந்து யுனைடெட் சிக்கிம் கிளப்புக்குப் போய் ஆடி, பிறகுதான் 2014-ல் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு வந்தார். மலப்புரத்துக்காரரான அனஸ் எடத்தொடிகா இளமையில் ஆட்டோ ஓட்டியவர். இந்திய அணிக்கு முதல் முறை ஆடியபோது வயது 30. இருபதில் எடுக்கவில்லை என்று பூட்ஸைக் கழற்றும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அனஸின் வயதைத்தான். ஸ்டாப்பரின் நல்ல காலம் தாமதமாக வரும், ஏனென்றால் அது ஆட்டங்களை எண்ணி எண்ணி வருவது.

ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: கோல் விழுந்தபோது நான் எங்கே நின்றேன், எந்த ஆள் என்னைத் தொந்தரவு செய்தான், எப்படி. அடுத்த முறை அதே ஆள் எதிரே வருவான்.

## 11. வேலைக் கதவைத் திறந்தே வையுங்கள்

ரயில்வே, வங்கி, காவல்துறை போன்ற துறைகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. கிளப் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் சம்பளம் நிலையானது, முழங்கால் போனாலும் வேலை போகாது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களால் இந்தக் கதவுகளில் பாதியைத் தட்டக்கூட முடிவதில்லை. பல்கலைக்கழக அணியில் ஆடுவதும் இதற்கு எடுபடும்.

18 வயதுக்குப் பிறகு, ஆடிக்கொண்டிருக்கும்போதே, பயிற்சியாளருக்கான டி உரிமப் படிப்பை முடித்துவிடுங்கள். சில நாள் வகுப்புதான். மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியதும் உங்கள் நிற்கும் இடமே மாறும், எனக்கு மாறியது.

மாநில, தேசியப் போட்டிகளில் ஆடினால், பங்கேற்புச் சான்றிதழை அந்த வாரமே சங்கத்தில் கேட்டு வாங்குங்கள். தேதி, போட்டியின் பெயர், உங்கள் பெயர் மூன்றும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். மூன்று வருடம் கழித்து வேலை விண்ணப்பத்துக்காகப் போய் நின்றால், கையெழுத்துப் போட்ட நிர்வாகி மாறியிருப்பார், பதிவேடும் எங்கே என்று தெரியாது. அசலைப் பிளாஸ்டிக் உறையில் வீட்டில் வையுங்கள். டிரையல்ஸ் பைக்குள் நகல் மட்டும் போதும்.